படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

அரசு மருத்துவமனையில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருந்து எழுதுவது டாக்டர் வேலை, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. கேட்டவர்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற நடத்துநர், திருநெல்வேலி): மேடம், பையனுக்கு 26 வயசு. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சு நாலு வருஷமாச்சு. ராத்திரி மூணு மணி வரைக்கும் போன், பகல் பன்னிரண்டுக்கு எந்திரிக்கிறான். திட்டியும் பார்த்தாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு. இவ்வளவு சோம்பேறியா ஒருத்தன் இருப்பானா?

சோம்பேறியாக இருந்தால் நிம்மதியாக இருப்பான் சார். உங்கள் பையன் நிம்மதியாக இருக்கிற மாதிரி தெரியவில்லை. இவன் வயதுப் பையன்கள் என்னிடம் தனியாகப் பேசும்போது சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ராத்திரியில் மட்டும்தான் யாரும் எதுவும் கேட்பதில்லை. பகலில் அப்பா முகம், பக்கத்து வீட்டு மாமா, "இப்ப என்ன பண்றே" என்று கேட்கும் சித்தி. அதிலிருந்து தப்பிக்கத் தூக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்கிறார்கள். அதற்கு முன் கேம்பஸில் கிடைக்காமல் போனது, அனுப்பிய ரெஸ்யூமுக்கு யாரும் பதிலே போடாதது என்று ஒரு கதை இருக்கும். அந்தக் கதையை உங்களிடம் சொல்லியிருக்கிறானா?

முதலில் "வேலை என்னாச்சு" என்ற கேள்வியைத் தினமும் கேட்பதை நிறுத்துங்கள். வாரத்தில் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு அப்புறம் அரைமணி நேரம், அதில் வேலைப் பேச்சு மட்டும். மற்ற ஆறு நாளும் கிரிக்கெட் பேசுங்கள், வண்டி சர்வீஸ் பேசுங்கள். அந்த ஆறு நாள் வாயைக் கட்டுவது உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

இரண்டாவது, வேலை தேடச் சொல்வதற்கு முன்னால் காலையில் வெளியே போகவேண்டிய ஒரு காரியம் வேண்டும். வேறொரு ஆள் அவனுக்காகக் காத்திருக்கிற காரியமாக இருந்தால்தான் நடக்கும். தெரிந்தவர் பட்டறையில் இரண்டு மணி நேரம், அக்கா குழந்தையைப் பள்ளியில் விடுவது, எதுவானாலும் சரி. சம்பளம் முக்கியமில்லை. உற்சாகம் வந்தபிறகு எழுந்து போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் அது வராது. போக ஆரம்பித்தபிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். மனச்சோர்வு சிகிச்சையிலும் இந்த வழி உண்டு.

கேள்வி (ஒரு அம்மா, சேலம்): அவருக்குத் தெரியாம பையனுக்கு அப்பப்ப ஐநூறு, ஆயிரம் குடுக்கிறேன். பாவமா இருக்கு. தப்பாம்மா?

கொடுப்பதில் தப்பில்லை. ஒளித்துக் கொடுப்பதுதான் சிக்கல். அப்பா கண்டிப்பவர், அம்மா காப்பாற்றுபவர் என்று வீடு பிரிந்துவிட்டால், பையன் உங்கள் இருவருக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்துகொள்வான். அவனுக்கே அது பிடிக்காவிட்டாலும் பழகிவிடும்.

என் கணக்கு இது: சோறும் படுக்க இடமும் பேரத்தில் வரக்கூடாது. "தண்டச்சோறு" என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலும் வரவே கூடாது. கைச்செலவு வேறு. அதைப் பேசித்தான் முடிவு செய்யவேண்டும். மாதம் ஒன்றாம் தேதி ஒரு தொகை, மூன்று பேருக்கும் தெரிந்து. ரீசார்ஜ், பெட்ரோல், டீ எல்லாம் அதற்குள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், நடுவில் கிடையாது. பதிலுக்கு வீட்டில் ஒரு பொறுப்பு முழுதாக அவனுடையது: ரேஷன், கேஸ், கரண்ட் பில், எதுவானாலும். அவன் மறந்தால் நீங்கள் ஓடிப்போய்ச் செய்யாதீர்கள். கார்டுக்கு அரிசி வாங்காமல் ஒரு மாதம் போனால் போகட்டும்.

கேள்வி: கல்யாணம் பண்ணி வச்சா பொறுப்பு வந்துடும்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க.

வேண்டாம். ஒருத்தர் தவிப்பதை இரண்டு பேர் தவிப்பதாக ஆக்குவீர்கள், அதில் ஒருத்தி ஊரார் பெண்.

கேள்வி (அண்ணன், விருதுநகர்): தம்பி அஞ்சு வருஷமா டி.என்.பி.எஸ்.சி.ன்னு ரூமை விட்டு வர்றதில்லை. நிறுத்தச் சொன்னா "அடுத்த குரூப் 4-ல கண்டிப்பா" என்கிறான். எவ்வளவு நாள் விடலாம்?

2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இதைச் சொல்லி அவனைப் பயமுறுத்தாதீர்கள், அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், தோற்றவர்கள் எல்லோரும் படிக்காதவர்கள் இல்லை என்று புரியும்.

சிவில் சர்வீஸ் தேர்வில் வயதும் வாய்ப்பும் எண்ணி வைத்திருக்கிறார்கள்: பொதுப்பிரிவுக்கு 32 வயது, 6 முறை; ஓ.பி.சி.க்கு 35 வயது, 9 முறை. நம் குரூப் 4-ல் பல பதவிகளுக்கு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவில் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. அது நல்ல சலுகை, மறுக்கவில்லை. ஆனால் கதவு மூடாததால் "போதும்" என்று சொல்ல ஒரு நாளே வருவதில்லை. அந்த நாளை வீட்டில்தான் வைக்கவேண்டும்.

எத்தனை மணி நேரம் படிக்கிறான் என்று கேட்காதீர்கள், மதிப்பெண்ணைக் கேளுங்கள். கடைசி மூன்று தேர்வில் கட்-ஆஃபுக்கும் அவனுக்கும் எத்தனை கேள்வி வித்தியாசம்? குறைந்துகொண்டே வந்தால் இன்னொரு முறை எழுதட்டும். அப்படியே நின்றால், பகுதிநேர வேலை ஒன்றோடு எழுதட்டும். அறையை விட்டு வெளியே படிப்பதும் உதவும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று போட்டித்தேர்வு வகுப்பு இலவசமாக நடக்கிறது. இன்னொரு பத்துப் பேர் முகத்தைப் பார்த்தாலே பாதி பாரம் இறங்கும்.

கேள்வி: வேலையில்லாதவங்களுக்கு அரசு பணம் குடுக்குதாமே?

உண்டு, சின்னத் தொகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு ஆகியிருக்கவேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு மாதம் 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்று வருடத்துக்கு. பொறியியல் மாதிரி தொழிற்படிப்பு படித்தவர்களுக்குக் கிடையாது. பஸ் காசுக்கு ஆகும், அவ்வளவுதான்.

கேள்வி (ஒரு அக்கா, தஞ்சாவூர்): என் தங்கச்சி எம்.எஸ்சி., 27 வயசு. வேலை தேடறதையே விட்டுட்டா. வீட்ல யாரும் கவலைப்படல, வரன் பார்த்துக்கிட்டிருக்காங்க.

இதை யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் வீட்டில் இருந்தால் பிரச்சினை, பெண் வீட்டில் இருந்தால் சமையலுக்குக் கை. அவள் முடங்கிப் போனதே யாருக்கும் தெரியாது. நீங்கள் கேளுங்கள், அதுவும் வீட்டுக்கு வெளியே வைத்து. காரணம் பல சமயம் சாதாரணமாக இருக்கும்: ராத்திரி பஸ் இல்லை, சென்னைக்குத் தனியாக அனுப்பமாட்டார்கள், "கல்யாணத்துக்கப்புறம் பார்த்துக்கலாம்" என்று வந்த ஒரு வேலையை அப்பா தட்டிவிட்டார். அப்படியானால் பேசவேண்டியது அப்பாவிடம்.

கேள்வி (ஒரு அம்மா, கோயம்புத்தூர் பக்கம்): ஆறு மாசமா குளிக்கிறதில்லை. தனியா முணுமுணுக்கிறான். பக்கத்து வீட்டுக்காரங்க தன்னைப் பத்திப் பேசறாங்கன்னு ஜன்னலை மூடியே வச்சிருக்கான். வேலை கிடைக்காத ஏக்கம்னு நினைச்சோம்.

அம்மா, இதை ஊக்கக்குறைவு என்று பார்க்காதீர்கள். முணுமுணுப்பு, சந்தேகம், குளிக்காமல் இருப்பது மூன்றும் சேர்ந்தால் மனநல மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். மனச்சிதைவு போன்ற நோய்கள் பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டும், எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கோயிலுக்குப் போவதென்றால் போங்கள், அதற்காக ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவன் வரமாட்டேன் என்றால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மற்றவர்களுக்கும் ஒரு அளவு சொல்கிறேன்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகையும் பார்த்துவிடுவது நல்லது, அவையும் ஆளைச் சோர்ந்து படுக்கவைக்கும். "செத்துடலாம்னு தோணுதா" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே கூட்டி வாருங்கள்.

கேள்வி: ஆன்லைன் ரம்மியில ரெண்டு லட்சம் கடன் வச்சுட்டான். அடைச்சுடலாமா?

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. ஆனால் ஏற்கனவே வாங்கிய கடன் அப்படியேதானே இருக்கும். முழுப் பட்டியலையும் எழுதி வாங்குங்கள், இரண்டு லட்சம் என்பது அநேகமாக முழுத் தொகையாக இருக்காது. ஒரே தவணையில் அடைத்துவிட்டால் மறுபடி ஆரம்பிக்கும். கடன் ஆப்காரர்கள் போட்டோவை வைத்து மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

கேள்வி: கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை, ரெண்டு லட்சம் கட்டினா போதும்னு ஏஜென்ட் சொல்றார். பையனும் முதல்முறையா ஆர்வமா இருக்கான்.

கட்டாதீர்கள். அப்படிப் போன நம் பிள்ளைகளை ஆன்லைன் மோசடி கும்பல்கள் அடைத்து வைத்திருக்கின்றன, அரசு போய் மீட்டு வந்திருக்கிறது. உரிமம் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். உரிமம் இருக்கிறதா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஆர்வம் வந்திருப்பது நல்ல செய்தி, அதை உள்ளூர் வேலைவாய்ப்பு முகாமுக்குத் திருப்புங்கள்.

கேள்வி: அக்கா, நீங்க எல்லாரும் பேசற அந்தப் பையன் நான்தான். டிப்ளமோ முடிச்சு ரெண்டு வருஷ கேப். இன்டர்வியூல அதைக் கேட்டா என்ன சொல்றது? நினைச்சாலே போக மனசு வரல.

பொய் சொல்லவேண்டாம் தம்பி, நீளமாகவும் சொல்லவேண்டாம். "தேர்வுக்குப் படித்தேன், அமையவில்லை, இப்போது இந்த வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்." இவ்வளவு போதும். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது அப்ரண்டிஸ்தான், அதாவது உதவித்தொகையோடு நிறுவனத்தில் தொழில் பழகுவது. ஒரு வருடம், 2019 விதிப்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று இருந்தது. படிப்பு முடித்துச் சில வருடங்களுக்குள் உள்ளவர்களுக்குத்தான் இந்த வாய்ப்பு, அதனால் இந்த வாரமே நாட்ஸ் (NATS, மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டம்) தளத்தில் பதியுங்கள். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. வருட முடிவில் கையில் சான்றிதழ் இருக்கும், கேப் என்ற கேள்வியும் அதோடு பழசாகிவிடும். பதிந்ததும் வீட்டில் சொல்லுங்கள். கிடைத்தபிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.