ஆம்ஸ்ட்ராங் ஏமாற்றினார், அகாசி ஏமாற்ற மாட்டார்

சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் சுயசரிதையைப் படித்து உருகியதாகவும், அவர் ஊக்கமருந்து எடுத்த விஷயம் தெரிந்தபின் எந்த விளையாட்டு வீரரின் புத்தகத்தையும் தொட மனமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். அவருக்குப் புற்றுநோய் வந்தது உண்மை, ஊக்கமருந்து எடுக்கவில்லை என்று சொன்னதுதான் பொய். 2013இல் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் சுயசரிதை 'ஓப்பன்' மட்டும் படித்துப் பாருங்கள். 1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதிப் போட்டிக்கு முந்தின இரவு, குளிக்கும்போது அவருடைய விக் பிய்ந்துபோகிறது. அண்ணனும் அவருமாக ஹேர்பின் குத்தி எப்படியோ ஒப்பேற்றுகிறார்கள். மறுநாள் அவர் வேண்டிக்கொண்டது வெற்றியை அல்ல, விக் கழன்று விழக்கூடாது என்பதை! ஆட்டத்தில் தோற்றும் போனார். 1997இல் போதைப்பொருள் எடுத்ததையும், சோதனையில் மாட்டியதும் பொய்க் கடிதம் எழுதித் தப்பித்ததையும் அவரேதான் வெளியில் சொல்கிறார்.

புத்தகத்தை எழுதிக் கொடுத்தவர் மோரிங்கர் என்ற பத்திரிகையாளர். அது எனக்கு உறுத்தவில்லை. தனக்கு அவமானம் தரும் இடத்தில் ஆள் நின்று பேசுகிறாரா, ஒரே வரியில் கடந்துவிடுகிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். அகாசி நிற்கிறார்.

அப்புறம், உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இன்னும் படிக்கவில்லை என்றால் அடுத்து அதை எடுங்கள்.