ஆடுபவரும் பார்ப்பவரும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகனோடு 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரின் முதல் சீசனைப் பார்த்தேன். நான் வீடியோ கேம் ஆடியவன் அல்லன். அவன் அத்தொடருக்கு மூலமான கேமை முழுவதும் ஆடி முடித்தவன். எனக்குத் தொடர் மிகவும் பிடித்திருந்தது. அவனோ, "நல்லாத்தான் எடுத்திருக்காங்கப்பா, ஆனா கேம்ல எனக்கு ஆன மாதிரி இதுல ஆகல" என்கிறான். கேம்களிலிருந்து எடுக்கும் படங்கள் பெரும்பாலும் சொதப்புவதாக அவன் நண்பர்களும் சொல்கிறார்கள். நாவல் படமாகும்போது எழும் அதே பழைய குறைதானா இது? என்னைப் போன்றவர்கள் இவற்றுள் எதைப் பார்க்கலாம்?

ர., பாலக்கோடு

அன்புள்ள ர.,

நாவலை வாசித்தவர், தம் மனத்தில் கண்ட முகம் திரையில் இல்லையே என்று ஏமாறுகிறார். கேமிலோ முகம், ஊர், உடை, குரல் எல்லாம் முன்பே திரையில்தான் இருக்கின்றன. அவற்றை அப்படியே படத்துக்குக் கொண்டுவருவது எளிது, கொண்டுவந்தும் விடுகிறார்கள். கதையில் நடந்தவற்றுக்கெல்லாம் ஆடியவரின் விரலும் பொறுப்பாக இருந்ததே, அதைத்தான் கொண்டுவர முடிவதில்லை.

தங்கள் மகன் சொல்வது இறுதி அத்தியாயத்தை என்று ஊகிக்கிறேன். 2013இல் வெளிவந்த கேமில், நாம் ஆட்டுவிக்கும் நாயகன் ஜோயல் அறுவை அரங்கிற்குள் நுழைந்ததும் மருத்துவர் ஒருவர் கையில் கத்தியோடு குறுக்கே நிற்பார். அறுவையில் உயிர்போகவிருக்கும் சிறுமி எல்லியைத் தூக்கிச் செல்ல வேண்டுமானால் அவரைக் கொன்றாக வேண்டும். ஆடுபவர் பொத்தானை அழுத்தாதவரை கதை ஓர் அங்குலமும் நகராது. 2023இல் வந்த தொடரில் அதே இடத்தில் ஜோயல் சுடுகிறார், நாம் பார்க்கிறோம். கேமை எழுதிய நீல் டிரக்மனே கிரெய்க் மேசினோடு சேர்ந்து உருவாக்கிய தொடர் அது. அப்படியிருந்தும், ஜோயலைக் குறை சொல்லிவிட்டு எழுந்துபோகும் வசதி பார்ப்பவருக்குக் கிடைத்துவிடுகிறது.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, அர்ச்சுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே தபசு மரத்தில் ஏறி, உச்சியிலிருந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார். கீழே பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் முந்தானையை விரித்து ஏந்துவார்கள். அதைச் செல்பேசியில் பிடித்து யூடியூபில் ஏற்றினால் பாட்டும் கேட்கும், மரமும் தெரியும். ஆனால் பழம் யார் முந்தானையில் விழுந்ததோ அவருக்கு நேர்ந்தது அதில் வராது.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். ஜோர்டன் மெக்னர் 1989இல் உருவாக்கிய முதல் கேமைக் கம்ப்யூட்டர் சென்டர்களில் கீபோர்டு தேயத் தேய ஆடியவர்கள் இன்று நடுவயதினர். நான் சொல்ல வருவது 2003இல் வந்த 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்னும் கேமை. அதில் இளவரசனிடம் ஒரு குறுவாள் இருக்கும். தாவும்போது கால் தவறிப் பள்ளத்தில் விழுந்தால், பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். காலம் பின்னோக்கி ஓட, விழுந்த உடல் மேலெழுந்து விளிம்பிலேயே வந்து நிற்கும். குறுவாளில் காலத்தைத் திருப்பும் மணல் தீர்ந்துவிட்டால் அதுவும் நடவாது, சாக வேண்டியதுதான். அங்கேதான் அந்தக் கேமின் சாமர்த்தியம்: முழுக் கதையும் இளவரசன் தானே சொல்லிவருவதாக அமைந்திருப்பதால், ஆடுபவர் செத்ததும், 'இல்லை, அப்படி நடக்கவில்லை' என்கிற பொருளில் அவன் தன்னைத் திருத்திக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வான். ஆடுபவரின் கைத்தவறு கதைசொல்லியின் நாத்தவறாகிவிடுகிறது! 2010இல் ஜேக் ஜில்லென்ஹால் நடித்து வந்த படத்தில் குறுவாள் வில்லன் துரத்தும் ஒரு பொருளாகச் சுருங்கிப்போயிற்று. நம் தவறே இல்லாத இடத்தில் காலம் பின்னோக்கி ஓடினால் நமக்கென்ன?

திரைக்கென்று தனியே ஒரு பலமும் உண்டு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமில் கேமரா பெரும்பாலும் நாம் ஆட்டுவிக்கும் பாத்திரத்தின் முதுகைவிட்டு அகலாது. ஆகவே அதில் பிராங்க் என்பவரைப் பிணமாகவும், தம் கூட்டாளி பில்லைச் சாடி அவர் எழுதிய கசப்பான ஒரு கடிதமாகவும் மட்டுமே காண்கிறோம். தொடரின் மூன்றாம் அத்தியாயம் ஜோயலையும் எல்லியையும் ஓரமாக வைத்துவிட்டு, பில்லும் பிராங்கும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளைச் சொல்கிறது. ஆடுபவர் நடந்துபோக முடியாத இடம் அது, தொடரின் மிகச் சிறந்த அத்தியாயமும் அதுவே. 2021இல் வந்த 'ஆர்கேன்' அனிமேஷன் தொடரையும் இப்படித்தான் பார்க்கிறேன். அதன் மூலமான 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' அணிக்கு ஐந்து பேராக மோதும் ஆட்டம். பாத்திரங்களுக்குப் பின்கதை உண்டே தவிர, ஆடுபவர் அதை வாழ்ந்து முடித்திருக்கவில்லை, எனவே எழுதியவர்களுக்கு இடம் தாராளமாக இருந்தது. 2024இன் 'ஃபால்அவுட்' தொடரும் கேமின் உலகத்தை எடுத்துக்கொண்டு புதிய மனிதர்களை அதில் இறக்கியது.

2023இன் மேரியோ அனிமேஷன் படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததைத் தங்கள் மகன் எடுத்துக்காட்டக்கூடும். தெரிந்த இசை, தெரிந்த காளான், தெரிந்த குழாய் என்று அடையாளம் கண்டுகொள்ளும் மகிழ்ச்சிக்குக் கொடுத்த காசு அது. அதில் தவறொன்றுமில்லை, ஆனால் 'எனக்கு ஆன மாதிரி' என்று அவர் சொல்வது அதை அன்று.

தாங்கள் 'ஆர்கேனி'ல் தொடங்கலாம். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' படத்தை விட்டுவிடலாம். அடுத்த விடுமுறையில் மகன் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமைத் திரும்ப ஆடினால், அறுவை அரங்கின் கதவருகே வரும்போது மட்டும் கண்ட்ரோலரைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் தாழ்வாரங்களில் துப்பாக்கியோடு நிற்பவர்களைக் கடப்பது பழகாத கைக்குக் கடினம்; அதுவரை அவரே ஆடட்டும்.