மலைநாட்டுச் சமையலறையில் கடற்பாசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கடற்பாசி இனிப்பு வரும். எனக்கு நீரிழிவு. சாப்பிடலாமா? (ஹட்டன்)

ஒரு துண்டு சாப்பிடலாம். அதற்காகச் செங்கடற்பாசியை அவித்து வடித்து எடுக்கும் பசை பெரும்பாலும் நார்ச்சத்துதான், மலச்சிக்கலுக்கு நல்லது. கவனிக்க வேண்டியது இனிப்பில் சேரும் சீனியையும் டின்பாலையும்.

மகள் நான்கு மாதக் கர்ப்பிணி. அயடீனுக்காக வெளிநாட்டிலிருந்து 'கொம்பு' என்ற காய்ந்த கடற்பாசியை உறவினர் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? (பண்டாரவளை)

தயவுசெய்து கொடுக்க வேண்டாம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதும், கர்ப்பிணிக்கு 250. கொம்பில் சில வகைகளின் ஒரே கிராமில் 2,000 மைக்ரோகிராமுக்கும் மேல் இருக்கும். குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் அளவுமீறினாலும் தாய், சிசு இருவரின் தைரொய்ட்டும் கெடலாம்.

அடைமழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிக்கொண்டு போய்விடும். முன்பு நம் பக்கத்தில் கழுத்துக் கழலை அதிகம் தெரிந்ததற்கு அது ஒரு காரணம். அதனால்தான் 1995 முதல் இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. அந்த உப்பை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் அயடீன் போய்விடும். மூடிய போத்தலில் வைத்து, கறியை இறக்கும்போது போடுங்கள். மீன், முட்டை, பால் கிடைக்கும்போது கொடுங்கள். தைரொய்ட் மருந்து எடுப்பவர்களும் கிளினிக்கில் கேட்காமல் கடற்பாசி மாத்திரை தொடக் கூடாது.

கொழுந்து பறிக்கிறேன். இரத்தம் குறைவு என்கிறார்கள். இரும்பு மாத்திரைக்குப் பதில் கடற்பாசி போதுமா? (தலவாக்கலை)

போதாது அம்மா. காய்ந்த பாசியில் இரும்பு உண்டு. ஆனால் ஒருவர் சாப்பிடுவது சில கிராம்தான், அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சமே. மாத்திரையை நிறுத்தாதீர்கள். சோற்றோடும் மாத்திரையோடும் தேத்தண்ணி குடிப்பதுதான் பெரிய தடை. சாயத்திலுள்ள டனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரைக்குத் தேசிக்காய் பிழியுங்கள், நெத்தலிக் கருவாடும் சேருங்கள். மலையில் நின்று உழைக்கும் உடம்புக்கு இந்தக் கவனிப்பு கட்டாயம் வேண்டும்.

எங்கள் ஓடைப் பாறையில் படரும் பச்சைப் பாசியையும் சமைக்கலாமா? (மஸ்கெலியா)

கூடாது. நன்னீர்ப் பாசிகளில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தோட்டத்தில் அடிக்கும் மருந்தும் மழையோடு அந்த ஓடைக்குத்தான் வருகிறது.