ஊரை எவ்வளவு நாள் பூட்டலாம்? குமரிக்காரர்களின் கேள்விகளும் ஒரு பொது சுகாதார மருத்துவரின் பதில்களும்

மார்த்தாண்டம், ஜவுளிக் கடைக்காரர்: கொரோனாவுக்காக 2020-ல் நாட்டையே பூட்டியது தேவைதானா டாக்டர்?

முதல் மூன்று வாரம் தேவைதான் அண்ணாச்சி. மார்ச் 25-ல் தடுப்பூசி கிடையாது, பரிசோதனை வசதி குறைவு, டாக்டர்களுக்கே பாதுகாப்பு உடை போதவில்லை. ஊரடங்கு கிருமியைக் கொல்லாது, பரவலைத் தள்ளிப் போடும். அந்த அவகாசத்தில் படுக்கை, ஆக்சிஜன், ஆய்வகம் எல்லாம் தயாராக வேண்டும். ஆனால் நான்கு மணி நேர அவகாசத்தில் அறிவித்ததையும், தொற்றே இல்லாத ஊரையும் சென்னையையும் ஒரே மாதிரி அடைத்ததையும் நான் ஏற்கவில்லை.

முட்டம், மீன் விற்கும் பெண்: கடலுக்குப் போகாதே என்றார்கள். நடுக்கடலில் யாருக்கு சார் தொற்றும்?

இந்தக் கேள்வியை அன்றைக்கே அதிகாரிகள் கேட்டிருக்க வேண்டும் அம்மா. வள்ளத்தில் போகிறவர்கள் நாலைந்து பேர், பெரும்பாலும் சொந்தக்காரர்கள், திறந்த காற்று. ஆபத்து கரையில், ஏலம் போடும் இடத்தில் தோளோடு தோள் உரசி நிற்பதில்தான். அப்படியென்றால் ஏலத்தைத்தானே ஒழுங்குபடுத்த வேண்டும்? டோக்கன் கொடுத்து, நேரம் பிரித்து, ஆளைக் குறைத்திருக்கலாம். ஏப்ரல் 10-ல் மத்திய அரசே மீன்பிடிக்கு விலக்கு கொடுத்தது. ஐந்தே நாளில் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்துவிட்டது.

அப்புறம் உங்கள் கதை. பஸ் நின்றதும் உங்கள் வியாபாரமும் நின்றது. சாளையும் நெத்திலியும் அன்றைக்கே விற்றால்தான் காசு. சட்டியோடு எத்தனை மைல் நடக்க முடியும்? ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அது எத்தனை நாள் நிற்கும்? பிழைப்பை நிறுத்தச் சொல்கிற அரசு, அந்தப் பிழைப்புக்கு ஈடாகக் கொடுக்கத்தான் வேண்டும்.

களியக்காவிளை, ஆட்டோ ஓட்டுநர்: கேரள எல்லையை அடைத்தது சரியா?

ஒரு பக்கம் தொற்று அதிகம், மறுபக்கம் குறைவு என்றால் கொஞ்ச நாள் சோதனை செய்வதில் பலன் உண்டு. இரண்டு பக்கமும் பரவிய பிறகு தடுப்பு வைத்து என்ன பயன் தம்பி? நம் ஆட்கள் புற்றுநோய் சிகிச்சைக்கு திருவனந்தபுரத்தை நம்பியிருக்கிறார்கள். அந்த வழியை ஒரு நாளும் அடைத்திருக்கக் கூடாது.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: ஸ்வீடன் பூட்டவே இல்லையே, நன்றாகத்தானே இருந்தார்கள்?

முழுக்க அப்படி இல்லை மக்களே. பக்கத்து நாடுகளான நார்வே, பின்லாந்தைவிட 2020-ல் அங்கே சாவு பல மடங்கு. முதியோர் இல்லங்களில்தான் பெரிய அடி. ஆனால் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளை மூடாமல் வைத்திருந்தார்கள். அதில் அவர்கள் செய்ததே சரி. இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 2021 நவம்பர் 1 வரை வகுப்பறையைப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கும் மேல்! போன் இல்லாத வீட்டுப் பிள்ளை அந்த நாட்களில் என்ன படித்திருக்கும்? மொத்த ஊரடங்கிலும் அளவு மீறியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆசாரிப்பள்ளம், செவிலியர்: 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்கு ஜனம் அலைந்தது. அப்போதும் எதிர்ப்பீர்களா?

இல்லை. அன்று பூட்டியது நியாயம். டெல்டா என்ற உருமாறிய கொரோனா பரவிய வேகத்துக்கு வேறு வழியில்லை. மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு போட்டபோது காய்கறியை வண்டியில் தெருத்தெருவாக அனுப்பினார்கள். அப்படி ஏற்பாடு செய்துவிட்டுப் பூட்டினால் ஜனம் ஒத்துழைக்கும். ஒரே குறை, அதற்கு முந்தைய இரண்டு நாள் கடைகளைத் திறந்துவிட்டுக் கூட்டத்தைக் கூட்டியது.

குலசேகரம், ரப்பர் பால் வெட்டுபவர்: வெளியே வந்தவனை லத்தியால் அடிக்கச் சட்டம் உண்டா?

கிடையாது. வழக்குப் போடலாம், அபராதம் போடலாம், அடிக்க முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், கடையை நேரம் தாண்டித் திறந்திருந்ததாகப் பிடித்துச் சென்ற அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். அதை எந்தக் கொள்ளைநோயும் நியாயப்படுத்தாது.

கொல்லங்கோடு, வார்டு உறுப்பினர்: இன்னொரு தொற்று வந்தால் கலெக்டரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்?

எந்த நிலைமை வந்தால் பூட்டைத் திறப்பீர்கள் என்று பூட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். மருந்து, டயாலிசிஸ், பிரசவத்துக்கு வண்டி யார் பொறுப்பு என்று பெயரும் போன் நம்பரும் வாங்கி வார்டு முழுக்க ஒட்டிவிடுங்கள்.