சீலோவாம் குளத்துக்கு மேலே ஒரு கடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊர் பாளையங்கோட்டை. 2023 மார்ச்சில் எங்கள் சபையிலிருந்து ஒரு குழுவாக எருசலேம் போய்வந்தோம். தாவீதின் நகரத்தில், எசேக்கியா ராஜா வெட்டிய சுரங்கத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தேன். என் வாழ்நாளில் அதுபோல் ஒரு நாள் இல்லை. மேலே பெரிய அடித்தளச் சுவர்களைக் காட்டி, இதுதான் தாவீது ராஜாவின் அரண்மனை என்று கைடு சொன்னார். ஊருக்கு வந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிப் படமும் காட்டினேன். போன மாதம் நீங்கள் ஒரு கூட்டத்தில், அது அரண்மனை என்பதற்கு உறுதியில்லை என்றும், அந்த இடத்தை நடத்துவதே ஒரு குடியேற்ற அமைப்புதான் என்றும் பேசியதாக என் மகன் சொன்னான். உங்களுக்கு விசுவாசம் இல்லை, சரி. ஆனால் பிள்ளைகளிடம் நான் சொன்னது பொய்யா? அங்கே இருக்கிற ஜனங்கள் சமீபத்தில் வந்து பூங்கா நிலத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் என்றுதானே எங்களிடம் சொன்னார்கள்? ஒரு படம் இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

படத்தைப் பார்த்தேன். சுரங்கம் முடிகிற சீலோவாம் குளத்துப் படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சேலை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருக்கிறது. 533 மீட்டர் இருட்டில், தலையில் இடிக்கிற பாறைக்குக் கீழே குனிந்து நடந்து, வெளிச்சத்துக்கு வந்தவரின் முகம். அந்த முகத்தை நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். எங்காவது திட்டியிருந்தால் பாதியாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பின்னால், மேலே, ஒரு வீட்டின் துணிக்கொடி தெரிகிறது. அதில் நீலநிறத்தில் ஒரு சின்னச் சட்டை. பள்ளிக்கூடச் சீருடை போல. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அரண்மனையை முதலில் முடித்துவிடுவோம். 2005-ல் எய்லாத் மஸார் என்ற தொல்லியலாளர் அந்தச் சுவர்களைக் கண்டு, தாவீதின் அரண்மனையாக இருக்கலாம் என்றார். இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன் முதலான மற்ற தொல்லியலாளர்கள், அந்தச் சுவர்கள் எல்லாம் ஒரே கட்டடமே இல்லை, ஒரே காலமும் இல்லை என்று மறுத்தார்கள். சண்டை தீரவில்லை. தாவீதின் பெயர் பொறித்த, அவர் காலத்துக் கல் ஒன்றுகூட அந்தக் குன்றில் கிடைத்ததில்லை. வடக்கே டெல் தானில் 1993-ல் கிடைத்த கல்வெட்டில் ‘தாவீதின் வீடு’ என்று வருகிறது. ஆக, அப்படி ஒரு அரச வம்சம் இருந்தது. இவ்வளவுதான். ‘இருக்கலாம்’ என்று தொல்லியலாளர் எழுதியது கைடின் வாய்க்கு வரும்போது ‘இதுதான்’ ஆகிவிட்டது. பொய் சொன்னது நீங்கள் இல்லை. என் விசுவாசத்தைப் பற்றியும் கவலை வேண்டாம், அதற்கு என் அக்கா இருக்கிறாள்.

என்னைக் கோபப்படுத்தியது உங்கள் கடைசிக் கேள்வி. நாற்பது வருஷம் வேதபாடம் எடுத்திருப்பீர்கள். யோசுவா புத்தகம் பதினைந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனம் என்ன? எருசலேமில் குடியிருந்த எபூசியரைத் துரத்த முடியவில்லை, அவர்கள் யூதா புத்திரரோடே எருசலேமில் இந்நாள்மட்டும் குடியிருக்கிறார்கள் என்றுதானே? தாவீது பலிபீடம் கட்ட இடம் தேடியபோது அர்வனா என்ற எபூசியனிடம் ஐம்பது சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்துத்தானே களத்தை வாங்கினார்? சும்மா தருகிறேன் என்று அவன் சொல்லியும் வாங்கவில்லை. ஜெயித்த ராஜா, தோற்ற ஜனத்தில் ஒருவனுக்கு விலை கொடுக்கிறார். இதைப் பிள்ளைகளுக்கு நடத்திய நீங்கள், ஏசி பஸ்ஸில் மைக் பிடித்தவர் சொன்ன ஒரு வரியை அப்படியே இறக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

பூங்காவில் நீங்கள் பார்த்த அந்த ஜனங்கள் பாலஸ்தீன அரபிக்காரர்கள். அவர்கள் ஊருக்கு சில்வான் என்று பெயர். சீலோவாம்தான் சில்வான். எருசலேமிலேயே பிறந்த அல்-முகத்தசி என்ற புவியியலாளர் பத்தாம் நூற்றாண்டிலேயே அதை எழுதியிருக்கிறார்: நகரத்து ஓரத்தில் ஓர் ஊற்று, அது பாயும் தோட்டங்கள், அந்தத் தோட்டங்கள் நகரத்து ஏழைகளுக்காக எழுதிவைக்கப்பட்டவை என்று. பூங்கா என்று அறிவித்தது 1974-ல். எது முந்தி, எது பிந்தி என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பூங்காவை நடத்தும் அமைப்பின் பெயர் எலாத். 1986-ல் தாவீத் பெயரி என்பவர் தொடங்கியது. சில்வானில் யூதக் குடும்பங்களைக் குடியேற்றுவது அதன் நோக்கம். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து அந்தத் தொல்லியல் இடத்தை நிர்வகிப்பதும் அவர்கள்தான். டிக்கெட், கைடு, பலகையில் இருக்கும் வாசகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2017-ல் பெயரிக்கு நாட்டின் உயரிய விருதான இஸ்ரேல் விருது கொடுத்தார்கள். வீடுகள் எப்படிக் கைமாறின என்பது தனிக் கதை. சில வீடுகளை விலைக்கு வாங்கினார்கள். சிலது 1950-ஆம் வருஷத்து ‘ஊரில் இல்லாதோர் சொத்து’ச் சட்டத்தில் போனது. அதில் நடந்த கோளாறுகளை 1992-ல் அரசே அமைத்த க்ளுக்மன் குழு எழுதியிருக்கிறது. சில்வானின் இன்னொரு பகுதியில் 1880-களில் ஏமனிலிருந்து வந்த ஏழை யூதர்கள் குடியிருந்தார்கள்; கலவர காலத்தில், 1938-ல், வெளியேற வேண்டிவந்தது. அதுவும் உண்மை, அதுவும் துக்கம்தான். ஆனால் 1948-க்கு முந்திய சொத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை 1970-ஆம் வருஷச் சட்டம் யூதர்களுக்குக் கொடுத்தது. மேற்கு எருசலேமில் வீட்டை விட்டுப்போன அரபிக்காரருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது.

இந்த அரசியலில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை, சொல்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். என்னை அரிக்கிற விஷயம் வேறு. அவர்கள் தோண்டுகிற விதம்.

எங்கள் வீட்டுக் களத்தில் வைக்கோல் படப்பு இருக்கும். அடியில் போன வருஷத்து பிசானம், அதற்கு மேல் கார், அதற்கும் மேல் இந்த வருஷத்து பிசானம். அவிழ்த்துவிட்ட மாடு பக்கவாட்டில் வாயை விட்டு இழுக்கும். அதற்கு எது எந்தப் போகம் என்று கவலையா? இழுக்க இழுக்க உள்ளே ஒரு குகை விழும். ஒருநாள் மேல்படப்பு சரிந்து மூன்று போகமும் கலந்து கிடக்கும். தாத்தா மாட்டைத் திட்ட மாட்டார், அவிழ்த்துவிட்டவனைத்தான் திட்டுவார்.

அகழாய்வும் படப்புதான். மேலிருந்து அடுக்கடுக்காக எடுக்க வேண்டும். குழிக்கும் குழிக்கும் நடுவே வயல் வரப்பு மாதிரி மண்ணை விட்டுவைத்து, அதன் செங்குத்து முகத்தில் அடுக்குகளைக் கோடு கிழித்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் குத்தி எண் போடுவார்கள். தோண்டியது போன பிறகும் அந்த மண்சுவர் சாட்சியாக நிற்கும். இந்த முறையை ஒழுங்குபடுத்திய மார்ட்டிமர் வீலர்தான் 1945-ல் நம் பக்கம் அரிக்கமேட்டில் தோண்டியவர். முப்பதுகளில் இங்கிலாந்தில் அவரிடம் வேலை கற்றவர் கேத்லீன் கென்யன். அந்த அம்மாள் 1961-லிருந்து 67 வரை இதே குன்றின் சரிவில், நீங்கள் நடந்த சுரங்கத்துக்கு மேலே, இதே முறையில் தோண்டினார். அரிக்கமேட்டில் சுவரில் குத்திய சீட்டுக்கும் எருசலேமில் குத்திய சீட்டுக்கும் ஒரே குரு.

அதற்கு முன்னால்? 1867-ல் சார்லஸ் வாரன் வந்தார். ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். பழைய ஆலயத்தின் மதிலுக்கு அருகே தோண்ட, அப்போது எருசலேமை ஆண்ட உதுமானியத் துருக்கி அரசு விடவில்லை. தள்ளி ஒரு கிணறு இறக்கி, அங்கிருந்து பூமிக்கடியில் பக்கவாட்டில் குடைந்து மதிலைத் தொட்டார். 1894-லிருந்து ப்ளிஸ், டிக்கி இருவரும் சீலோவாம் பக்கம் அப்படியே குடைந்தார்கள். அந்தக் காலத்தில் வேறு வழி தெரியாது, மன்னித்துவிடலாம்.

இப்போது என்ன நடக்கிறது? 2004-ல் சீலோவாம் குளத்தின் பெரிய படிக்கட்டுகள் வெளிப்பட்டன. குளத்திலிருந்து ஆலயத்துக்கு ஏறிய கல்பாவிய தெரு, ஏறக்குறைய 600 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதன்மேல் இயேசு நடந்திருக்கலாம். எனக்கே மயிர்க்கூச்செறிகிறது, உங்களுக்குச் சொல்ல வேண்டுமா. அந்தத் தெருவை வெளியே கொண்டுவர, சில்வானின் வீடுகளுக்கு அடியில் இரும்பு வளைவுகளை முட்டுக்கொடுத்துக்கொண்டே கிடையாகக் குடைந்து போகிறார்கள். கென்யனின் குழிகளுக்கு நாற்பது ஐம்பது வருஷம் கழித்து, திரும்பவும் வாரனின் பொந்து! இதைக் கண்டித்து எழுதியவர்களில் இஸ்ரேலியத் தொல்லியலாளர்களே இருக்கிறார்கள். எமெக் ஷாவே என்று அமைப்பு வைத்து வருஷக்கணக்காக எழுதுகிறார்கள். தெருவுக்கு மேலே பைசாந்தியர், உமையாக்கள், அப்பாசியர் என்று வரிசையாக எத்தனையோ கூட்டம் வாழ்ந்து போன மண். சுரங்கத்தில் போகிறவனுக்கு அவர்கள் வெறும் கூரை.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவின் வயதைச் சொன்னது பாவுகல்லுக்கு அடியில் கிடைத்த நூறு காசுகள். அவற்றில் கடைசிக் காசு கி.பி. 30-31. ஆகவே தெரு ரோம ஆளுநர் பிலாத்துவின் காலத்தது என்று 2019-ல் எழுதினார்கள். எது மேல், எது கீழ் என்று பார்த்ததால் கிடைத்த விடை! கல்லுக்குக் கீழே அந்த முறை செல்லுபடி ஆகிறது, கல்லுக்கு மேலே ஆகவில்லை. அதே 2019 ஜூனில் திறப்பு விழா என்று அமெரிக்கத் தூதர் சம்மட்டியை எடுத்து சுரங்கத்தில் ஒரு சுவரை உடைத்தார். தொல்லியல் இடத்தில் சம்மட்டி! 2025 செப்டம்பரில் இன்னொரு திறப்பு விழா, அமெரிக்க வெளியுறவு அமைச்சரும் இஸ்ரேல் பிரதமரும்.

மேலே வீடுகள் இருக்கின்றன, வேறெப்படித் தோண்டுவது என்று கேட்பார்கள். தோண்டாமல் விடுவது என்றும் ஒரு வழி இருக்கிறது. இரண்டாயிரம் வருஷம் கிடந்த கல், எங்கே ஓடிவிடப் போகிறது?

இது ஒரு பக்கத்தின் பாவம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1999-ல், பழைய ஆலயம் இருந்த மேட்டில் இப்போதுள்ள மசூதி வளாகத்தில், நிலவறையை மசூதியாக்கிய கையோடு அதற்கு வாசல் அமைக்க, வக்ஃப் நிர்வாகம் புல்டோசர் விட்டு மண்ணை லாரி லாரியாகக் கீதரோன் பள்ளத்தாக்கில் கொட்டியது. அந்த மண்ணைப் பல வருஷமாகச் சல்லடையில் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்கிற எந்தப் பொருளும் எந்த அடுக்கில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சலிப்பு வேலைக்கு நெடுநாள் பணம் கொடுத்தது எலாத்.

நானும் அங்கே போனேன், 2018 நவம்பரில். குளத்திலிருந்து மேலே வர வேன் இருக்கிறது, நீங்களும் அதில்தான் ஏறியிருப்பீர்கள். வேனைத் தவறவிட்டு நடந்தேன். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஒரு மளிகைக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரருக்கு என் வயதுதான். கேட்காமலே ஒரு கிளாஸ் டீ கொடுத்தார், துளசி மாதிரி வாசனையாக ஏதோ இலை போட்டது. அப்புறம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து கூரைவரை ஒரு விரிசல், விரல் நுழையும். அதன் குறுக்கே ஒரு இடத்தில் சிமென்ட்டை அப்பி, காயுமுன் ஆணியால் தேதி கீறியிருந்தார். சிமென்ட்டும் பிளந்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். விரிசல் நகர்கிறதா என்று பார்க்கக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சாந்து பூசி, சாந்தில் தேதி போடுவார். விரிசல் நூலிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். எங்கள் வீட்டை ஒட்டி ஒருத்தர் கல்யாண மண்டபத்துக்குப் பள்ளம் தோண்டியபோது, பூஜையறைச் சுவரில் அப்பா ஏழு கண்ணாடி ஒட்டினார். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருப்போம், ‘டிக்’ என்று ஒரு சத்தம். அப்பா சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு, “நாலாவது” என்பார். உடைந்ததை எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டுவைப்பார். மண்டபம் கட்டுகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினால், “பழைய வீடு சார், அது தானா விடும்” என்றார். பழைய வீடுதான். அறுபது வருஷம் விடாதது அந்த ஆனியில் ஏன் விட்டது என்று கேட்க அப்பாவுக்குத் தெரியவில்லை. வாதாடத் தெரியாத மனுஷர். அம்மா சாமி படங்களைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினாள், அவ்வளவுதான் நடந்தது.

சில்வானிலும் பதில் அதேதான். பொறியாளர் மேற்பார்வையில்தான் வேலை நடக்கிறது, விரிசலுக்கும் தோண்டலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவருகிறார்கள். அந்தச் சுவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் பொறியாளன் இல்லை. கடைக்காரருக்குச் சைகையால் கண்ணாடி வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். சிமென்ட் தடிமன், சின்ன அசைவு அதில் தெரியாது. அவர் யோசித்துவிட்டு, மாடிக்குப் போய் ஒரு போட்டோ சட்டத்தின் கண்ணாடியை எடுத்துவந்தார். இரண்டு பேரும் மூட்டையை நகர்த்தி ஒட்டினோம். தேதியை அவர் மொழியில் அவரே எழுதினார்.

சரி, உங்கள் கேள்வி. மறந்தே போனேன். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

நீங்கள் நடந்த சுரங்கத்தில், குளத்துக்குச் சற்று முன்னால், சுவரில் ஒரு கல்வெட்டு இருந்தது. 1880-ல் அங்கே விளையாடிய சிறுவர்கள் கண்டுபிடித்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறே வரி. அதில் ராஜாவின் பெயர் இல்லை. தேவனின் பெயரும் இல்லை. இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த ஆட்கள், இன்னும் மூன்று முழம் பாறை மிச்சமிருக்கும்போது, அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடுகிற குரலைக் கேட்டார்கள் என்றும், கோடரிக்கு எதிர்க் கோடரியாக வெட்டினார்கள் என்றும், தண்ணீர் ஓடியது என்றும் எழுதியிருக்கிறது. இது ‘இருக்கலாம்’ இல்லை டீச்சர், கல்லிலேயே இருக்கிறது. வகுப்பில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பிள்ளைகளின் கண்ணைக் கட்டி எதிரெதிர் மூலையில் நிறுத்தி, குரலை மட்டும் கேட்டு நடந்துவரச் சொல்லுங்கள்.

படத்தையும் காட்டுங்கள், தப்பில்லை. ஏதாவது ஒரு பிள்ளை அந்த நீலச் சட்டை யாருடையது என்று கேட்கும்.

அன்புடன்.