உப்பு மண்ணில் நெல் கருகுகிறது, உமரி மட்டும் எப்படித் தழைக்கிறது?

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கம். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் மாமாவின் வயலில் கடல்நீர் ஏறியது. தண்ணீர் நிற்கும்போதே நெல் வாடிக் கருகியதைப் பார்த்தவன் நான்.

நெல் செத்தது முதலில் தாகத்தால். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வேருக்குள் இருப்பதைவிட வெளியே உப்பு கூடிவிட்டால் வேரால் நீரை இழுக்க முடியாது. உள்ளே நுழைந்த சோடியம் இலையைக் கெடுப்பது அதற்கு அப்புறம்தான்.

கடலோர உப்பு மண்ணில் வளரும் கீரைச் செடியான உமரி இந்தத் தாகத்தை உப்பை வைத்தே தீர்த்துக்கொள்கிறது. சோடியத்தை உள்ளே இழுத்து, செல்லின் நடுவில் வாக்குவோல் என்ற நீர்ப்பையில் அடைத்துவிடுகிறது. உள்ளே உப்பு கூடியதும் நீர் பின்னாலேயே வந்துவிடும். உமரியின் உடம்பே உப்புக்குப் பழகியது என்றுதான் நான் பல வருஷம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதன் நொதிகளைத் தனியே எடுத்து உப்புநீரில் வைத்தால், பட்டாணிச் செடியின் நொதிகளைப் போலவே முடங்கிவிடும். அதனால்தான் உப்பைப் பைக்குள் பூட்டி வைக்கிறது. பைக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் நீர் குறையாமலிருக்க, கிளைசின் பீட்டைன், புரோலின் போன்ற தீங்கில்லாத பொருட்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. எனக்கு இதில் பெரிய வியப்பே இந்த ஏற்பாடுதான். இலை சதைப்பற்றாக இருப்பதும் இதனால்தான். அப்பாயி உமரிக்கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கடைவார். உப்பே போடமாட்டார்.

எங்கள் பக்கத்து அலையாத்திக் காட்டில் பெரும்பாலும் வெண்கண்டல்தான். அதன் வழி வேறு. பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடும், மீறி வந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளும். மழையில்லாத நாளில், வெயில் ஏறியபின் ஓர் இலையை நக்கிப் பாருங்கள், கரிக்கும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கு அந்தச் சுரப்பி கிடையாது, வேர் வடிகட்டுவதையே பெரிதும் நம்பியிருக்கிறது.

சரி, நெல்லில் ஒன்றுகூட இப்படி இல்லையா என்றால், கேரளத்தின் பொக்காளி ஓரளவு தாங்கும். சோடியம் தண்டுக்கும் இலைக்கும் அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதையும் கடல்நீரில் அப்படியே விதைப்பதில்லை. கோடையில் வயலில் மண்மேடுகள் கட்டி, தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவிய பிறகே முளைகட்டிய விதையை அந்த மேடுகளில் விதைக்கிறார்கள்.