ஸ்கேட் சாணை மெஷின்: எதை வாங்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள். ஸ்பார்க்ஸ் மாதிரி தானியங்கி மெஷின் வாங்கலாமா, இல்லை கடைக்காரர்கள் வைத்திருக்கும் பிளேட்மாஸ்டர், பிளாக்ஸ்டோன் வகைப் பெரிய மெஷினையே வாங்கிப் பழகிக்கொள்ளலாமா?

வீட்டு உபயோகம் மட்டும்தான் என்றால் தானியங்கி போதும். பெரிய மெஷினில் பாதி வேலையைச் செய்வது கைதான். பிளேடைப் பிடிப்பானில் இறுக்கி, அது கல்லின் நடுவில் வரும்படி திருகைத் திருப்பி, ஒரே அழுத்தத்தில் நகர்த்த வேண்டும். நுனியிலும் குதிகாலிலும் கை கொஞ்சம் அழுந்தினால் அங்கே கூடுதலாகத் தேய்ந்துவிடும். பல மாதங்களில் பிளேடின் நீளவாட்டு வளைவே மாறிப்போகும். அந்தக் கை பழக நூற்றுக்கணக்கான பிளேடுகள் வேண்டும். இரண்டு பிள்ளைகளின் ஸ்கேட்டில் அது வராது.

ஸ்பார்க்ஸில் பிளேடு அசையாமல் இருக்கும், சாணை வளையம்தான் அதன் மேல் ஓடும். நீங்கள் கவனமாகச் செய்ய வேண்டியது தொடக்கத்தில் வளையத்தைப் பிளேடின் நடுவுக்குச் சரிசெய்வது. அவசரப்படாமல் செய்யுங்கள். மெஷினை இடம் மாற்றினாலோ, வேறு தடிமன் பிளேடு போட்டாலோ திரும்பவும் பாருங்கள்.

செலவில் ஒரு வித்தியாசம் உண்டு. பிளேடின் அடியில் இரண்டு ஓரங்களுக்கு நடுவே வெட்டும் பள்ளத்தைத்தான் குழிவு என்கிறோம். பெரிய மெஷினில் வைரமுனையால் கல்லைச் சீவி எந்தக் குழிவுக்கும் கொண்டுவரலாம். தானியங்கியில் ஒவ்வொரு குழிவுக்கும் தனி வளையம், தேய்ந்தால் புதிதுதான். மெஷின் விலையோடு வளையத்தின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: சாணை சரியாக விழுந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த மெஷின் வாங்கினாலும் இதைக் கற்றுக்கொள்ளாமல் விடாதீர்கள். ஸ்கேட்டைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேடின் குறுக்கே நேரான சிறு இரும்புச் சட்டத்தை வையுங்கள். சட்டமும் பிளேடின் பக்கவாட்டும் ஒன்றுக்கொன்று சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு ஓரங்களும் ஒரே உயரத்தில் இல்லை. அப்படிப்பட்ட பிளேடு எவ்வளவு கூராக இருந்தாலும் ஒரு பக்கத் திருப்பத்தில் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். பிள்ளை தன் காலைத்தான் சந்தேகப்படும்.

இன்னொரு சோதனை: பிளேடின் அடியில் மார்க்கர் மையைப் பூசி ஒரு முறை மட்டும் சாணை ஓட்டுங்கள். மை முழு அகலத்துக்கும் அழிந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்தால் இப்போதைய குழிவு முந்தையதைவிட ஆழம். இரண்டு ஓரங்களில் மட்டும் அழிந்தால் ஆழம் குறைவு. ஒரே ஓரத்தில் அழிந்தால் நடு தப்பிவிட்டது. மேலே ஓட்டாமல் நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: 1/2 அங்குலமா, 3/8 அங்குலமா?

இந்த எண் குழிவை வெட்டும் வட்டத்தின் ஆரம். எண் சிறிதானால் குழி ஆழம். 3 மி.மீ. பிளேடில் 1/2 அங்குலம் வெட்டினால் நடுக்குழி சுமார் 0.09 மி.மீ., 3/8 என்றால் 0.12 மி.மீ., 1 அங்குலம் என்றால் 0.04 மி.மீ. 1/2-க்கும் 3/8-க்கும் வித்தியாசம் முடியளவும் இல்லை, ஆனால் காலுக்குத் தெரியும். ஆழமான குழி இறுகப் பிடிக்கும், அதே சமயம் வேகத்தைக் கொஞ்சம் தின்னும். எடை குறைந்த பிள்ளைக்கும் கெட்டியான ஐஸுக்கும் ஆழம் நல்லது. 1/2-இல் தொடங்கி, ஒரு படி மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஃபிகர் ஸ்கேட்டுக்கும் அதே மெஷின் போதுமா?

அதற்குரிய அமைப்பும் வளையமும் இருந்தால் முடியும். ஆனாலும் இங்கே நான் கறாராக இருப்பேன். பிளேடின் முன்நுனியில் ரம்பம்போல இருக்கும் முன்பல்லைக் கல் தொடவே கூடாது. பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள வளைவில் நின்றுதான் சுழல்கிறார்கள், அதைத் தட்டையாக்கினால் பழைய சமநிலை போய்விடும். சிறிய விட்டமுள்ள கல் பல்லுக்கு அருகில்வரை போகும், பெரிய கல் முன்பே நின்றுவிடும். வாங்கும் முன் இதைக் கேளுங்கள். நடுவில் ஒல்லியாக இருக்கும் பரவளைவு பிளேடு என்றால், பிடிப்பான் அதை நேராகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். போட்டியில் ஆடுபவர் என்றால் ஃபிகர் ஸ்கேட்டில் பழகிய கையிடமே கொடுங்கள்.

கேள்வி: பையில் போடும் சிறு கைச்சாணை வேலைக்கு ஆகுமா?

பிசிறு நீக்கவும், ஆட்டத்துக்கு நடுவில் சமாளிக்கவும் ஆகும். சாய்ந்த ஓரத்தை அது நிமிர்த்தாது.

கேள்வி: ஸ்பீடு ஸ்கேட்?

இந்த மெஷின்கள் வேண்டாம். அதற்குக் குழிவே கிடையாது. இரண்டு ஸ்கேட்டையும் சட்டத்தில் சேர்த்துப் பிடித்து, தட்டைக் கல்லால் கையாலேயே தீட்டுவார்கள்.

கேள்வி: பழைய பெரிய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

ஓடவிட்டு மேசையில் கை வையுங்கள். அதிர்வு தெரிந்தால் அது பிளேடில் குறுக்குக் கோடுகளாக விழும். மெஷினை நிறுத்தி, கல் சுழலும் தண்டை ஆட்டிப் பாருங்கள், தளர்ச்சி இருக்கக் கூடாது. வைரமுனை மழுங்கியிருக்கிறதா, பிடிப்பானின் உயரத் திருகு நழுவுகிறதா என்றும் பாருங்கள். தூசி உறிஞ்சும் குழாய் இல்லை என்றால் அதையும் சேர்த்து விலை பேசுங்கள், ஏனெனில் அந்த இரும்புத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது. ஆனால் காகிதப் பை உள்ள வீட்டு வாக்குவம் கிளீனரை மட்டும் அதில் மாட்டாதீர்கள். தீப்பொறி உள்ளே போய்ப் பற்றிக்கொள்ளும்.